ஒரே மண்ணுக்கு இரண்டு ஈரப்பத எண்: எதை எழுதுவது?

கேள்வி சுருக்கமாக இது. சாலைப் பணி நடக்கும் இடத்தில் ரேப்பிட் மாய்ஸ்சர் மீட்டர் 16% காட்டியது. அதே மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து ஓவனில் 24 மணி நேரம் காயவைத்தால் 19% வருகிறது. எதை நம்புவது, எதை ரிப்போர்ட்டில் எழுதுவது, ஈரப்பதத்தைச் சரியாக அளக்க ஆய்வகத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? மண் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் கேட்டிருக்கிறார்.

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டு எண்ணும் சரியாக இருக்கலாம். எழுத வேண்டியது 19.

மீட்டரின் டயல் காட்டுவது ஈர மண்ணின் எடையில் நீர் எத்தனை சதவீதம் என்பதை. 16% என்றால் 100 கிராம் ஈர மண்ணில் 16 கிராம் நீர், 84 கிராம் மண். மண் பொறியியலில் நாம் நீரை ஈர எடையால் வகுப்பதில்லை, காய்ந்த மண்ணின் எடையால் வகுக்கிறோம். 16ஐ 84ஆல் வகுத்தால் 19.05%. உங்கள் ஓவன் சொன்னதும் அதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17% ஈரப்பதம் என்று சொல்கிறார்களே, அது ஈர எடைக் கணக்கு. 100 கிலோ நெல்லில் 17 கிலோ நீர் என்று பொருள். ஒரே சொல், ஒரே சதவீதக் குறி, அடியில் வகுக்கும் எண் மட்டும் வேறு. குழப்பம் எல்லாம் அங்கேதான்.

ஏன் காய்ந்த எடையால் வகுக்கிறோம்? மண்ணில் மாறாமல் இருப்பது திடத் துகள்கள்தான். மழை பெய்தால் நீர் கூடும், வெயில் அடித்தால் குறையும், ரோலர் ஓடினால் காற்று இருக்கும் இடம் சுருங்கும். துகள்களின் எடை அப்படியே நிற்கும். மாறாத ஒன்றை அடியில் வைத்தால்தான் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியும். இதனால் ஈரப்பதம் 100%ஐத் தாண்டவும் செய்யும். மட்கிய தாவரம் நிறைந்த பீட் மண்ணில் பல நூறு சதவீதம் வரும். மெக்சிகோ நகரத்தின் அடியில் உள்ள ஏரிக் களிமண்ணில் 400%க்கு மேலும் அளந்திருக்கிறார்கள். முதல் முறை 130% என்று வந்ததும் கணக்குத் தப்பு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இந்த மூன்று சதவீத வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. உங்கள் லேயரில் மணல் மாற்று முறையில் (தோண்டிய குழியை மணலால் நிரப்பி அதன் கன அளவை அறியும் முறை) ஈர அடர்த்தி 2.00 கிராம்/கன செ.மீ. கிடைத்தது என்று வையுங்கள். ஈரப்பதம் 16 என்று போட்டால் உலர் அடர்த்தி, 2.00ஐ 1.16ஆல் வகுத்து, 1.724. 19 என்று போட்டால் 1.681. ஆய்வகத்தில் மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்திப் பார்க்கும் பிராக்டர் சோதனையில் அதிகபட்ச உலர் அடர்த்தி 1.76 என்றால் முதல் கணக்கில் 98% கெட்டிப்படுத்தல், இரண்டாவதில் 95.5%. சாலைக்கு அடியில் வரும் மண் அடுக்கான சப்கிரேடுக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு கேட்பது 97%. அதாவது டயலில் தெரிந்த எண்ணை மாற்றாமல் எழுதினால், திரும்ப ரோலர் விட வேண்டிய லேயர் பாஸ் ஆகிவிடும். அதன் மேல் ஜல்லி, அதன் மேல் தார் என்று எல்லாம் ஏறிவிடும்.

சரி, ஓவன் முறைக்கு வருவோம். நம் ஊரில் இதற்கு அடிப்படை இந்தியத் தர நூலான ஐ.எஸ். 2720 பகுதி 2, 1973ஆம் ஆண்டுத் திருத்தம். 105 முதல் 110 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை காயவைக்க வேண்டும், பொதுவாக 24 மணி நேரம். செய்முறை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். மண் பரிசோதனைகளிலேயே இதுதான் எளிது என்று சொல்லிப் புதிதாக வருபவர்களிடம் கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட், பிராக்டர், கன்சாலிடேஷன், ட்ரையாக்சியல் என எந்தச் சோதனையை எடுத்தாலும் கடைசியில் ஒரு அலுமினிய டின்னில் வந்துதான் நிற்கும். இந்த எண் தவறினால் அவை எல்லாமே தவறும்.

ஒரு டின்னை அருகில் வைத்துப் பார்ப்போம். டின் எண் 27, மூடியோடு காலி எடை 21.46 கிராம். ஈர மண்ணோடு 68.92. காய்ந்த மண்ணோடு 58.31. நீர் 10.61, திட மண் 36.85, ஈரப்பதம் 28.8%. இப்போது காலி எடையை 0.60 கிராம் தவறாக, 22.06 என்று எழுதிவிட்டோம் என்று வையுங்கள். நீரின் எடை மாறாது. ஈர எடைக்கும் உலர் எடைக்கும் உள்ள வித்தியாசம்தானே அது? திட மண் மட்டும் 36.25 ஆகி, ஈரப்பதம் 29.3% வரும். அரை சதவீதப் பிழை. ஆனால் அதே 0.60 கிராம், மூடி மாறிப்போனதால் வந்திருந்தால்? ஈர மண்ணை ஒரு மூடியோடு நிறுத்து, ஓவனிலிருந்து எடுத்த பிறகு 0.60 கிராம் எடை குறைந்த வேறொரு மூடியைப் போட்டு நிறுத்தால் உலர் எடை 57.71 என்று வரும். நீர் 11.21 ஆகிவிடும், திட மண் 36.25 ஆகிவிடும், ஈரப்பதம் 30.9%. இரண்டு சதவீதத்துக்கு மேல் பிழை. ஒரே 0.60 கிராம்தான், எந்த இடத்தில் நுழைகிறது என்பதைப் பொறுத்து நான்கு மடங்கு சேதம் செய்கிறது. அதனால்தான் டின்னுக்கும் மூடிக்கும் ஒரே எண்ணைப் பொறித்து வைக்கச் சொல்வது. ஓவனில் வைக்கும்போது மூடியைக் கழற்றி டின்னுக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள், மாறவே மாறாது. காலி எடையையும் சுவரில் ஒட்டிய பழைய பட்டியலைப் பார்த்து எழுத வேண்டாம். டின் தேயும், ஓரத்தில் களிமண் ஒட்டிக் காய்ந்திருக்கும், உப்பு மண் பட்டு அரித்திருக்கும். ஒவ்வொரு முறையும் எடை போட்டுவிடுங்கள், பத்து வினாடிதான்.

எவ்வளவு மண் எடுப்பது என்பதும் இஷ்டம் போல இல்லை. 425 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நைஸ் மண்ணுக்கு 25 கிராம் போதும். 4.75 மில்லிமீட்டர் வரை துகள் இருந்தால் 200 கிராம், 20 மில்லிமீட்டர் அளவு சரளை கலந்திருந்தால் 500 கிராம் வேண்டும். சரளை மண்ணில் கையளவு எடுத்து ஒரு சின்ன டின்னில் போட்டால், ஒரு கல் உள்ளே வந்ததா இல்லையா என்பதுதான் உங்கள் ஈரப்பதத்தைத் தீர்மானிக்கும். பிளாஸ்டிக் லிமிட்டில் பிரச்சினை நேர் எதிர். நூல் போல உருட்டி உடைந்த துண்டுகள் மொத்தமே ஆறேழு கிராம் இருக்கும். திட மண் 6 கிராம், நீர் 1.2 கிராம் என்றால் தராசில் 0.1 கிராம் பிசகு 1.7 சதவீதப் பிழை. அதற்கு 0.01 கிராம் காட்டும் தராசுதான் சரி. ஃபேனை அணைத்துவிட்டு நிறுங்கள்.

ஓவனில் பலரும் செய்யும் பிழை, நேற்று மாலை வைத்த டின்கள் காய்ந்துகொண்டிருக்கும்போது காலையில் புது ஈர மண்ணைப் பக்கத்தில் வைப்பது. புது மண்ணிலிருந்து கிளம்பும் ஆவி பழைய மண்ணின் மேல் படியும், காய்வது தடைபடும். ஓவனுக்குள் எல்லா இடத்திலும் ஒரே வெப்பமும் இருக்காது. ஹீட்டருக்கு அருகில் ஒன்று, கதவோரத்தில் ஒன்று. முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு தெர்மாமீட்டரைத் தட்டுத் தட்டாக வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். இரவில் கரண்ட் போயிருந்தால் 24 மணி நேரக் கணக்குக்குப் பொருளே இல்லை. அப்போது செய்ய வேண்டியது எளிது: நிறுத்துப் பாருங்கள், திரும்ப ஓவனில் வையுங்கள், நான்கு மணி நேரம் கழித்து மறுபடி நிறுங்கள். வித்தியாசம் முதலில் எடுத்த மண்ணின் எடையில் 0.1%க்குள் இருந்தால் காய்ந்துவிட்டது. உண்மையில் சோதனையின் வரையறையே அதுதான். 24 மணி நேரம் என்பது வசதிக்குச் சொன்னது.

அப்புறம் ஆறவைப்பது. சூடான டின்னைத் தராசில் வைத்தால் அதைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலே எழும்பும். எடை குறைவாகத் தெரியும், எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். உலர் எடை குறைந்தால் ஈரப்பதம் கூடும். சரி, மேசையில் திறந்து வைத்து ஆறவிடலாம் என்றால், சென்னை மாதிரி ஊரில் காய்ந்த களிமண் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். உலர் எடை கூடி ஈரப்பதம் குறையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ஓவனிலிருந்து எடுத்ததும் மூடியைப் போட்டு, ஈரம் புகாத பாத்திரமான டெசிகேட்டருக்குள் வைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பின் நிறுப்பது. டெசிகேட்டரின் அடியில் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தால் அது வெறும் கண்ணாடிப் பாத்திரம்.

இதுவரை சொன்னது கைப்பழக்கம். இனி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. ஓவன் விரட்டும் நீர் எந்த நீர்? துகள்களுக்கு இடையில் இருக்கும் நீரை மட்டும் விரட்ட வேண்டும் என்பதற்காகத்தான் 110 டிகிரி என்று கோடு கிழித்திருக்கிறார்கள். எல்லா மண்ணும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படாது.

அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் களிமண்ணில் பல இடங்களில் ஜிப்சம் உண்டு. மாதிரி எடுத்த டியூபிலிருந்து தள்ளிய மண்ணைக் கத்தியால் பிளந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி மினுக்கும் படிகம் தெரியும். நகத்தால் கீறினால் கோடு விழும். குவார்ட்ஸில் விழாது. ஜிப்சத்தின் எடையில் சுமார் 21% நீர் படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அது துளை நீர் இல்லை, கல்லின் ஒரு பகுதி. 110 டிகிரியில் அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். 100 கிராம் திட மண்ணில் 10 கிராம் ஜிப்சம், உண்மையான நீர் 22 கிராம் என்று வையுங்கள். ஓவன் கூடுதலாக 2 கிராமை விரட்டினால் நீர் 24, திட மண் 98. 22% என்று வர வேண்டியது 24.5% என்று வரும். இப்படி ஒரு மாதிரி என் கைக்கு வந்தபோது நான் முதலில் கவனிக்கவில்லை. கன்சாலிடேஷன் (சுமையில் மண் அமுங்குவதைப் பார்க்கும் சோதனை) கணக்கில் பூரிதம் 100%ஐத் தாண்டியது. மண்ணின் காலியிடத்தில் கொள்வதைவிட அதிக நீர் இருப்பதாகக் கணக்கு சொன்னது, அது நடக்காத காரியம். ரிங்கின் அளவு, தராசு, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து இரண்டு நாள் போனது. மிச்சமிருந்த மண்ணை மறுபடி பிளந்து பார்த்தபோதுதான் அந்த மினுக்கம் கண்ணில் பட்டது. பாதியை 60 டிகிரியில் காயவைத்ததும் கணக்கு ஒழுங்குக்கு வந்தது. ஜிப்சமோ அங்ககப் பொருளோ அதிகம் இருந்தால் 60 முதல் 80 டிகிரியில் காயவைக்கலாம் என்று ஐ.எஸ். நூலிலேயே இருக்கிறது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும். பீட் மாதிரி மண்ணிலும் இதே கதைதான். 110 டிகிரியில் நீரோடு சேர்ந்து அங்ககப் பொருளும் கருகிக் குறையும், அதையும் நாம் நீர் என்று எழுதிவிடுவோம்.

கடலோரக் களிமண்ணில் பிழை வேறு மாதிரி வருகிறது. துளைகளில் இருப்பது உப்பு நீர். நீர் ஆவியானதும் உப்பு டின்னிலேயே தங்கிவிடும், நாம் அதை மண் என்று எண்ணிவிடுவோம். கடல் நீரில் எடைக்கு 3.5% உப்பு. ஓவன் 80% என்று காட்டினால், 100 கிராம் உலர் எடையில் 2.9 கிராம் உப்பு. உண்மையான மண் 97.1, உப்பு நீர் 82.9. இரண்டையும் வகுத்தால் 85.4%. எண்ணூர், தூத்துக்குடி மாதிரி இடங்களில் துறைமுகத்துக்கோ மேடை நிரப்புவதற்கோ அமிழ்வு கணக்கிடும்போது இந்த ஐந்து சதவீதம் தள்ளிவிடக் கூடியது இல்லை. பூரிதமான களிமண்ணில் வெற்றிட விகிதம் (காலியிடத்தின் கன அளவைத் திடத் துகள்களின் கன அளவால் வகுத்தது) என்பது ஈரப்பதத்தை ஸ்பெசிஃபிக் கிராவிட்டியால் பெருக்குவதுதான். ஈரப்பதம் எவ்வளவு தவறோ, அமிழ்வுக் கணக்கும் அந்தத் திசையிலேயே தவறும்.

ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே கெட்டுப்போன ஈரப்பதத்தை எந்த ஓவனும் சரிசெய்யாது. எஸ்.பி.டி. சோதனையில் நிலத்துக்குள் அடித்து இறக்கும் குழாயான ஸ்பூனிலிருந்து எடுத்த மண்ணை மெல்லிய பாலித்தீன் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, மூன்று நாள் வெயிலில் நிற்கும் ஷெட்டில் வைத்து அனுப்புகிறார்கள். பையின் உள்பக்கம் முத்து முத்தாகத் துளி நிற்கும். அது மண்ணின் நீர். அந்தத் துளிகளை விட்டுவிட்டு நடுவில் ஒரு கட்டியை எடுத்துக் காயவைத்தால் வருவது அந்த ஆழத்து ஈரப்பதம் இல்லை. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள மணலுக்கு ஸ்பூன் மாதிரியில் ஈரப்பதம் போடுவதே வீண் என்பது என் கருத்து. ஸ்பூன் மேலே வருவதற்குள் நீர் வடிந்துவிடும். நீரைப் பாய்ச்சித் துளையிடும் வாஷ் போரிங்கில் களிமண் கட்டியின் மேல்தோல் துளையிடும் நீரைக் குடித்திருக்கும். தோலைச் சீவிவிட்டு உள்ளிருந்து எடுங்கள். குலையாத மாதிரி எடுக்கும் யு.டி.எஸ். டியூபிலும் இரு முனைகளைத் தவிர்த்துவிடுங்கள், மெழுகு அடைப்பு விரிசல் விட்டிருந்தால் முனை காய்ந்திருக்கும். ட்ரையாக்சியல் வலிமைச் சோதனைக்கான மாதிரியைச் செதுக்கும்போது விழும் சீவல்களை உடனே டின்னில் போட்டு மூடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேசையில் விட்டால் ஃபேன் காற்று போதும். களிமண்ணுக்கு நடுவில் மெல்லிய மணல் வரி ஓடினால் இரண்டையும் சேர்த்து ஒரு டின்னில் போடாதீர்கள். 20% ஈரப்பதமுள்ள மணலும் 60% ஈரப்பதமுள்ள களிமண்ணும் கலந்து 40% என்று ஒரு எண் வரும். அந்த மண்ணில் 40% ஈரப்பதம் உள்ள இடம் எங்கேயும் கிடையாது.

எண் வந்ததும் இரண்டு விதமாகச் சரிபாருங்கள். ஒன்று, மேலே சொன்ன பூரிதம், 100%ஐத் தாண்டக் கூடாது. இன்னொன்று அட்டர்பெர்க் எல்லைகளோடு ஒப்பிடுவது: மண் கூழாக ஓடத் தொடங்கும் ஈரப்பதம் லிக்விட் லிமிட், நூலாக உருட்டும்போது உடையத் தொடங்கும் ஈரப்பதம் பிளாஸ்டிக் லிமிட். லிக்விட் லிமிட் 70, பிளாஸ்டிக் லிமிட் 28, ஈரப்பதம் 62 என்றால் மண் இரண்டு எல்லைக்கும் நடுவே எண்பது சதவீதத் தூரம் போயிருக்கிறது, அதாவது மிக மென்மையாக இருக்க வேண்டும். கையில் எடுத்து அழுத்துங்கள், விரலிடுக்கில் பிதுங்க வேண்டும். அப்படிப் பிதுங்கும் மண்ணுக்கு 36% என்று எண் வந்திருந்தால் கையை நம்புங்கள், டின்னைத் திரும்பப் பாருங்கள்.

அவசர முறைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்பிரிட் ஊற்றி எரிப்பதும் மணல் தட்டில் வறுப்பதும் சைட்டில் கைகொடுக்கும். ஆனால் களிமண், ஜிப்சம், சுண்ணாம்பு, அங்ககப் பொருள் அதிகம் உள்ள மண்ணில் ஸ்பிரிட் முறை வேண்டாம். மணல் தட்டில் வறுக்கும்போது சின்ன வெள்ளைக் காகிதத் துண்டைப் போட்டு வையுங்கள், பழுப்பானால் சூடு மிஞ்சிவிட்டது. மைக்ரோவேவில் ஒரேயடியாக வைக்காமல் சிறிது சிறிதாகச் சூடாக்கி இடையிடையே நிறுக்க வேண்டும், இல்லையென்றால் மண் வெடித்துத் தெறிக்கும்.

உங்கள் ரேப்பிட் மீட்டருக்கு வருகிறேன். அதனுள் 6 கிராம் மண்ணும் கால்சியம் கார்பைடும் போடுகிறோம். மண்ணின் நீரோடு கார்பைடு சேர்ந்து அசிட்டிலீன் வாயு உண்டாகிறது, அதன் அழுத்தத்தை டயல் ஈரப்பதமாகக் காட்டுகிறது. நீர் முழுவதும் கார்பைடைத் தொட்டால்தான் கணக்கு சரி. களிமண் கட்டியாக இருந்தால் உள்ளே உள்ள நீருக்குக் கார்பைடு போய்ச் சேராது. அதற்குத்தான் எஃகுக் குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது, அப்படியும் கெட்டிக் களிமண்ணில் குறைவாகவே காட்டும். மூடி ரப்பர் தேய்ந்து வாயு கசிந்தாலும், கார்பைடு டப்பா திறந்தே கிடந்து வீரியம் இழந்தாலும் குறைவாகத்தான் காட்டும். திறக்கும்போது முகத்தை விலக்கி, பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் திறக்கச் சொல்லுங்கள். அசிட்டிலீன் கேஸ் வெல்டிங்கில் எரிக்கும் அதே வாயு.

உங்கள் 16 சரியாக 19.05 ஆக மாறுவதால் இந்த மண்ணில் மீட்டர் நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு ஜோடியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதே பாரோ (சாலைக்கு மண் வெட்டி எடுக்கும் இடம்) மண்ணில் காய்ந்தது முதல் நல்ல ஈரம் வரை ஐந்தாறு மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் நன்றாகக் கலந்து இரண்டாகப் பிரித்து, பாதியை மீட்டரிலும் பாதியை ஓவனிலும் போடுங்கள். மீட்டர் எண்ணைக் காய்ந்த எடைக்கு மாற்றிய பிறகு ஓவன் எண்ணோடு ஒப்பிடுங்கள். எல்லாம் அரை சதவீதத்துக்குள் வந்தால் அந்த மண்ணுக்கு மீட்டரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே பக்கமாக இரண்டு மூன்று சதவீதம் குறைந்தால் கட்டிகளையும் ரப்பரையும் பாருங்கள். பாரோ மாறினால் இதைத் திரும்பச் செய்யுங்கள். சைட் ரெஜிஸ்டரில் இப்போது ஈரப்பதம் என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால், நாளைக்கே அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் டயல் காட்டிய எண், அடுத்ததில் காய்ந்த எடைக்கு மாற்றிய எண் என்று தலைப்புப் போட்டுவிடுங்கள். உலர் அடர்த்திக் கணக்கு இரண்டாவது கட்டத்திலிருந்து மட்டும் போகட்டும்.